கணிப்பொறியும் காரணமும்

நமது எழுத்து மேசையின் கீழே ஒரு பழைய கணிப்பொறி இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் வாங்கியது. அதன் வயதையொத்த பொறிகளுள் பல, பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. "ஹஸ்ரத், இதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்று வீட்டுக்கு வருவோரெல்லாம் கேட்கின்றனர். வாங்கலாம்தான். ஆயினும் அந்தப் பெட்டியோடு நமக்குள்ள உறவு வெறும் பழக்கத்தால் வந்ததன்று. ஒரு கடமையால் வந்தது. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் பின்னர் நேர்ந்தது விளங்கும்.

நமக்கு அரபு இலக்கணம் கற்பித்த உஸ்தாத் அவர்கள் மறைந்தபோது, அவர்கள் கைப்பட எழுதிய இருபத்திரண்டு குறிப்பேடுகளை அவர்களின் மக்கள் நம்மிடம் ஒப்படைத்தார்கள். ஸர்ஃபு என்னும் சொல்லிலக்கணமும் நஹ்வு என்னும் தொடரிலக்கணமும் அவற்றில் அரபுத் தமிழில் விரித்து எழுதப்பட்டுள்ளன. அரபு எழுத்துகளோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிச் சமைத்த எழுத்துகளையும் சேர்த்து எழுதும் அந்த முறையைத் தடையின்றிப் படிக்கக்கூடியவர்கள் இன்று குறைந்து வருகின்றனர். தாள்களும் பழுத்துவிட்டன; மடித்த இடத்தில் ஒடிகின்றன. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஸ்கேனரில் வைத்துப் படமெடுத்துக் கணிப்பொறியில் சேர்ப்பது, பிறகு அந்தப் படத்தைப் பார்த்துத் தமிழ் எழுத்தில் பெயர்த்துத் தட்டச்சுச் செய்வது என்று பணியை வகுத்துக்கொண்டோம்.

நம்மிடமுள்ள ஸ்கேனரும் பழையது. அதை இயக்கும் மென்பொருள் நமது கணிப்பொறியிலுள்ள விண்டோஸ் 7இல் இயங்குகிறது. புதிய கணிப்பொறி ஒன்றில் ஏற்றிப் பார்த்தோம், ஏற மறுத்துவிட்டது. விண்டோஸ் 7க்கு அளித்துவந்த பொது ஆதரவை அதை உருவாக்கிய நிறுவனம் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. எனவே நமது பொறியை இணையத்தோடு இணைக்காமல் தனியாகவே வைத்திருந்தோம். உலகத் தொடர்பை விட்டொதுங்கிய ஒரு முதியவரைப்போல் அது தன் மூலையில் இருந்து பணிசெய்து வந்தது.

படமெடுக்கும் பொறுப்பை நமது மாணவர் ஒருவர் தாமாகவே முன்வந்து ஏற்றார். அவருக்குப் பதினேழு வயது. நாள்தோறும் அஸருக்குப் பின் வருவார். மஃரிபு பாங்கு சொல்லும்வரை இருப்பார். ஒடியும் தாளை இரு கைகளாலும் ஏந்திக் கண்ணாடிமேல் கிடத்துவார். படத்தில் தாளின் கறை படிந்திருந்தால் அதை நீக்கி, எழுத்தைத் தெளிவாக்கி, பக்கங்களை வரிசையாகக் கோத்து வைப்பார். நாம் காலையில் சுபுஹுக்குப் பின் அமர்ந்து தட்டச்சுச் செய்வோம். இவ்வாறு எட்டுக் குறிப்பேடுகள் முடிந்து, ஒன்பதாவது நடந்துகொண்டிருந்தது.

2023 ஜூலை மாதம், ஆடிக் காற்று தெருப் புழுதியையெல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த நாளொன்றில், கணிப்பொறி திடீரென அணைந்து, தானாகவே மீண்டும் எழுந்தது. மாணவர் நம்மை அழைத்துக் காட்டினார். எச்சரிக்கை இல்லை; பிழை அறிவிப்பு இல்லை. திரை கறுத்தது, உள்ளே சுழலும் விசிறியின் ஓசை ஒருகணம் தாழ்ந்தது, பிறகு புதிதாகத் தொடங்குவதற்குரிய அடையாளங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ஒன்றுமே நடவாததுபோல் அது நம்மைப் பார்த்தது.

மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் இரண்டு முறை. பின் மூன்று நாள் ஓய்வு. முறைக்காய்ச்சல் வருவதுபோல் வந்து வந்து போயிற்று. நோய் எப்போதும் இருந்தால் அதைப் பிடித்துவிடலாம். இவ்வாறு ஒளிந்து விளையாடும் நோயைப் பிடிப்பதுதான் கடினம். ஆயினும் நமது கண்ணுக்கு ஓர் ஒழுங்கு புலப்பட்டது. காலையில் நாம் தட்டச்சுச் செய்யும்போது பொறி ஒருமுறைகூட அணையவில்லை. மாலையில் மாணவர் அமரும்போதே அணைந்தது. மேலும், அவர் தமது சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் பொறியில் செருகுவதையும் நாம் இருமுறை பார்த்திருந்தோம். அப்போது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நாம் வேறு வேலையில் இருந்தோம், கேட்கவில்லை. இணையமே இல்லாத பொறிக்குள் வைரஸ் நுழைய வேறு வழி ஏது? இளைஞர்கள் விளையாட்டு மென்பொருள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வதை நாம் அறியாதவரா? இப்படி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போனோம்.

ஒரு மாலை, நாம் முடிக்காமல் திறந்து வைத்திருந்த ஒன்பதாம் குறிப்பேட்டின் தட்டச்சுக் கோப்பு, பொறி அணைந்து எழுந்தபின் திறக்க மறுத்தது. முப்பத்தாறு பக்கங்கள். எத்தனையோ விடியற்காலைகளின் உழைப்பு. படி எடுத்து வைக்காதது நமது குற்றம் என்பது அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. வேறு இரண்டு மாணவர்களும் திண்ணையில் இருந்தார்கள். அவர்கள் காதுபடவே சொல்லிவிட்டோம்: "தம்பி, உங்கள் கை பட்ட பிறகுதான் இது இப்படி ஆயிற்று. இனி இதைத் தொட வேண்டாம்."

அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார். "சரி, ஹஸ்ரத்" என்றார். கண்ணாடிமேல் இருந்த தாளை எடுத்துக் குறிப்பேட்டில் அதற்குரிய இடத்தில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வகுப்பில் வழக்கம்போல் முன்வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டார். அஸருக்குப் பின் வரவில்லை.

பத்து நாள் பொறி அணையவே இல்லை. நமது தீர்ப்பு உறுதிப்பட்டதாக மகிழ்ந்தோம். பதினோராம் நாள் இரவு, இஷாவுக்குப் பின், படமெடுக்கும் பணி தேங்கிக் கிடக்கிறதே என்று நாமே ஸ்கேனரின் முன் அமர்ந்தோம். இரண்டு பக்கம் முடிந்தது. மூன்றாம் பக்கத்தின் கறையை நீக்கிக்கொண்டிருந்தபோது திரை கறுத்தது. விசிறியின் ஓசை தாழ்ந்தது. பொறி புதிதாய் எழுந்தது. அறையில் நம்மைத் தவிர எவரும் இல்லை.

வாசக அன்பர்களே, அந்த இரவின் வெட்கத்தை எழுத்தில் வடிப்பது எளிதன்று. இருபத்தெட்டு ஆண்டுகளாக உஸூல் பாடம் நடத்தி வருபவர் நாம். ஒரு விதிக்குக் காரணம் எது என்று துருவிக் காணும் வழிகளை மாணவர் தலைமுறைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அரபியில் 'இல்லத்' என்னும் சொல் காரணத்தையும் குறிக்கும், நோயையும் குறிக்கும் என்று முதல் நாளிலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டுவோம். திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரமும் நோயை அறிந்து, அதன் முதற்காரணத்தை அறிந்து, அதன் பின்னரே மருந்துக்குப் போகச் சொல்கிறதே என்று தமிழையும் துணைக்கழைப்போம். அத்தனையும் பிறருக்குத்தான்! நமது மேசைக்குக் கீழே நோய் வந்தபோது, காரணத்தைத் தேடவில்லை. அருகில் நின்ற ஆளைப் பிடித்தோம்.

காரணம் காணும் வழிகளுள் ஒன்றுக்கு 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' என்று பெயர். தக்ஸீம் என்பது பகுத்தல். காரணமாக இருக்கக்கூடியவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் வரிசைப்படுத்துதல். ஸப்ரு என்பது ஆழம் பார்த்தல்; புண்ணுக்குள் சலாகையை விட்டு அதன் ஆழத்தை மருத்துவர் அறிவதே அச்சொல்லின் மூலப்பொருள். மது விலக்கப்பட்டது ஏன் என்ற வினாவைப் பழைய ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகக் கொள்வர். திராட்சையிலிருந்து பிழிந்ததாலா, நீர்மமாக இருப்பதாலா, நிறத்தாலா, மணத்தாலா, மதியை மயக்குவதாலா என்று பகுத்து, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளி, எஞ்சி நிற்பதைக் கொள்வர். நம்மவர் நன்கறிந்த 'ஸபுரு', அதாவது பொறுமை, ஸாத் எழுத்தில் தொடங்குவது. இந்த ஸப்ரு ஸீனில் தொடங்குவது. இரண்டும் வேறு வேறு சொற்கள். ஆயினும் அடுத்த இரு வாரங்களில் நமக்கு இரண்டுமே வேண்டியிருந்தன.

மறுநாள் ஒரு தாளை எடுத்து வரிசைப்படுத்தினோம். கடைத்தெருவில் கணிப்பொறி பழுதுபார்க்கும் தம்பி ஒருவர், சிறுவயதில் நம்மிடம் ஓதியவர், உடனிருந்தார். பொறி தானாக அணைந்து எழ ஆறு காரணங்கள் இருக்கலாம் என்று இருவருமாக எழுதினோம்: சுவரிலிருந்து வரும் மின்சாரம், வைரஸ் உள்ளிட்ட மென்பொருட் கேடு, உள்வெப்பம், நினைவகமாகிய ராம், மின்சாரத்தை மாற்றித்தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி, தாய்ப்பலகையாகிய மதர்போர்டு. மாணவரின் பெயரை அந்த வரிசையில் எங்கே எழுதுவது என்று பார்த்தோம். இடமில்லை.

"ஹஸ்ரத், முதல் வேலை இது எதுவுமில்லை" என்றார் அந்தத் தம்பி. "உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். நோயாளி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் சொத்து தப்பவேண்டுமல்லவா?" எஞ்சியிருந்த கோப்புகள் யாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் படி எடுத்தோம். இதைப் படிப்போர் வேறெதை மறந்தாலும் இந்த ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம். அணைந்து அணைந்து எழும் பொறியில் ஆராய்ச்சி செய்வதற்கு முன் ஆவணங்களை மீட்டுவிடுங்கள். ஒவ்வோர் அணைவும் வன்தட்டில் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைச் சிதைக்கக்கூடும்.

அவர் விதித்த இரண்டாம் நிபந்தனை, ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும் என்பது. இரண்டை ஒருங்கே மாற்றி நோய் தீர்ந்துவிட்டால், எது மருந்து என்று தெரியாமலே போய்விடும். இது நமக்குப் புதிதன்று. அரபியில் அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றையும் 'இல்லத்தின் எழுத்துகள்' என்பர். அவை நலிந்தவை, உருமாறுபவை, மறைபவை. 'கால' என்றால் சொன்னான். அந்தச் சொல்லை எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அதனுள் ஒரு வாவ் மறைந்திருப்பது தெரியாது. 'யகூலு', சொல்வான், என்று வடிவை மாற்றும்போது அது வெளிவந்துவிடும். ஒரு வடிவை மாற்று, என்ன வெளிவருகிறது என்று பார். உஸ்தாத் அவர்களின் முதல் குறிப்பேடு இதைத்தானே சொல்கிறது!

முதலில் சுவரைச் சோதித்தோம். தளர்ந்த கம்பிவடத்தை மாற்றினோம். இடையிலிருந்த யு.பி.எஸ். பெட்டியை விலக்கி நேரே செருகினோம். பட எடுப்பைத் தொடங்கினோம். அரைமணியில் அணைந்தது. சுவர் குற்றமற்றது.

அடுத்து மென்பொருள். வைரஸ் தேடும் மென்பொருளை வேறு பொறியில் எடுத்து வந்து ஓட்டியபோது ஒன்று அகப்பட்டது. உள்ளத்தின் ஒரு மூலையில் பழைய குரல், 'பார்த்தாயா, நாம் சொன்னது சரி' என்று தலைதூக்கியதை மறைக்கமாட்டோம். அதை அழித்தோம். மறுநாள் பொறி முன்போலவே அணைந்தது. வைரஸ் இருந்தது உண்மை. ஆனால் இந்த நோய்க்கு அது காரணமன்று.

இங்கே அந்தத் தம்பி ஒரு நுட்பம் காட்டினார். விண்டோஸில் பெரும்பிழை நேரும்போது நீலத்திரையொன்று தோன்றிப் பிழையின் பெயரைச் சொல்லும். ஆனால் பிழை நேர்ந்தவுடன் தானாகவே மீண்டும் தொடங்குக என்னும் ஏற்பாடும் முன்கூட்டியே செய்யப்பட்டிருப்பதால், அந்தத் திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். அந்த ஏற்பாட்டை நீக்கி வைத்தார். இனி மென்பொருளோ அதைச் சார்ந்த இயக்கியோ காரணமானால் நீலத்திரை நிலைத்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அடுத்தமுறை அணைந்தபோதும் நீலத்திரை வரவில்லை. நிகழ்ச்சிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு மட்டும் வரிசையாக இருந்தது. பொறி முறைப்படி மூடப்படாமலே மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். ஏன் என்று அது சொல்லாது. விழுந்தவனைக் கண்டேன், தள்ளியவனைக் காணவில்லை என்று சொல்லும் சாட்சி அது. தனக்குத் தெரிந்ததற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காத அந்தச் சாட்சியின்மேல் நமக்கு மதிப்புப் பிறந்தது. நாம் அன்று திண்ணையில் அவ்வளவுகூடச் செய்யவில்லை.

மூன்றாவது வெப்பம். மின்தொடர்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, ஆடிக் காற்றின் புழுதியெல்லாம் உள்ளே குடியேறியிருக்கக் கண்டோம். செயலகத்தின்மேல் அமர்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கிடையே கம்பளித்துண்டுபோல் அழுக்கு அடைந்திருந்தது. செயலகத்துக்கும் அத்தகடுகளுக்கும் இடையே தடவிய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதுப்பசை இட்டார். தொடக்கத்திலேயே விசையை அழுத்தித் திறக்கும் பயாஸ் திரையில் வெப்பநிலையைக் காணலாம். முன்பு 70 பாகைக்கு மேல் காட்டியது இப்போது 50க்கு அருகில் வந்துவிட்டது. இதுதான் காரணம் என்று நாம் முடிவுகட்டிவிட்டோம். அவர் தலையசைக்கவில்லை. "மிகுந்த சூட்டால் என்றால், தன்னைக் காத்துக்கொள்ளப் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், ஹஸ்ரத், உடனே எழுந்து ஓடாது. பார்ப்போம்." இரண்டு நாள் கழித்து, குளிர்ந்த பொறி முன்போலவே அணைந்து எழுந்தது. குறை ஒன்றைக் கண்டோம், களைந்தோம், நன்மையே. ஆனால் கண்ட குறையெல்லாம் தேடிய காரணமாகிவிடாது என்று அந்தப் பொறி இரண்டாம் முறையாக நமக்குச் சொல்லிற்று.

நான்காவது நினைவகம். அதைச் சோதிப்பதற்கென்றே உள்ள மெம்டெஸ்ட் என்னும் சிறு மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. இருந்த இரண்டு ராம் பலகைகளையும் ஒன்று மாற்றி ஒன்றாகக் கழற்றி, எஞ்சிய ஒன்றோடு மட்டும் படமெடுத்தும் பார்த்தோம். இரண்டு வகையிலும் பொறி அணைந்தது. ஆக, இரண்டும் குற்றமற்றவை.

எஞ்சியவை இரண்டு: எஸ்.எம்.பி.எஸ்., தாய்ப்பலகை. எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரின் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை வாங்கி, 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டங்களாக்கிப் பொறிக்குத் தருவது. மின்சாரத்தோடு ஒரு செய்தியையும் அது தாய்ப்பலகைக்குத் தந்துகொண்டே இருக்கும்: 'நான் தரும் அழுத்தங்கள் முறையாக உள்ளன' என்பதே அச்செய்தி. அழுத்தம் எல்லையைவிட்டுத் தாழ்ந்தால் செய்தி நின்றுவிடும். செய்தி நின்ற கணமே தாய்ப்பலகை செயலகத்தை நிறுத்தி, செய்தி திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். நீலத்திரை காட்டவோ பிழையை எழுதி வைக்கவோ அங்கே நேரம் ஏது?

மஞ்சள் கம்பியில் மின்னழுத்தமானியை வைத்தார். 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஐந்து விழுக்காடு ஏறலாம், இறங்கலாம், அதாவது 11.4க்குக் குறையக்கூடாது. பொறி சும்மா இருக்கும்போது 11.8 காட்டியது. பட எடுப்பைத் தொடங்கிக் கறை நீக்கும் வேலையைக் கொடுத்தோம். முள்ளில்லாத அந்தக் கருவியின் எண்கள் தடுமாறி 11.3க்கு இறங்கின. சிறிது நேரத்தில் திரை கறுத்தது.

அப்போதுதான் நமது 'ஒழுங்கின்' உண்மை வெளிப்பட்டது. தட்டச்சுச் செய்வது பொறிக்குச் சுமையே அன்று. படமெடுப்பதோ, செயலகமும் வன்தட்டும் ஒருசேர உழைக்கும் வேலை; நமது ஸ்கேனர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் கணிப்பொறியிடமிருந்தே வாங்குவது. காலையில் நாம் இலேசான வேலையைச் செய்தோம். மாலையில் மாணவர் கனத்த வேலையைச் செய்தார். பொறி ஆளைப் பார்த்து அணையவில்லை. சுமையைப் பார்த்து அணைந்தது. சுமையைத் தூக்கியவரை நாம் குற்றவாளியாக்கினோம்.

உஸூலில் 'தவரான்' என்று மற்றொரு வழியும் உண்டு. காரணம் வரும்போது விளைவு வரவேண்டும். காரணம் போகும்போது விளைவும் போகவேண்டும். திராட்சைச் சாறு ஆகுமானது. அதில் மயக்கம் சேர்ந்தால் விலக்கானது. தானே புளித்துக் காடியாகி மயக்கம் நீங்கினால் மீண்டும் ஆகுமானது. அந்த அளவுகோலையும் வைத்துப் பார்த்தோம். கடையிலிருந்து நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவலாகக் கொண்டுவந்து மாட்டினார். மூன்று நாள், நாளுக்கு நாற்பது பக்கம் படமெடுத்தோம், அணையவில்லை. பழையதை மீண்டும் மாட்டினார், அன்றே அணைந்தது. இரவலை மாட்டினார், அணையவில்லை. தாய்ப்பலகை குற்றத்திலிருந்து விடுதலை பெற்றது. மாணவர் அதற்கு முன்பே விடுதலை பெற்றிருந்தார். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பழைய பெட்டியை அவர் கடையில் வைத்துத் திறந்து காட்டினார். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆளைத் தாக்கக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகையால் பழகாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது என்று எச்சரித்தார். உள்ளே சிறு உருளைகளாக நிற்கும் மின்தேக்கிகளில், கடைத்தெருவில் கெப்பாசிட்டர் என்பார்களே அவற்றில், மூன்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றிலிருந்து பழுப்புநிறக் கசிவு. சுமை கூடும் கணத்தில் அழுத்தம் தாழாமல் தாங்கிப் பிடிப்பது அவற்றின் வேலை. உள்ளிருக்கும் நீர்மம் வெப்பத்தாலும் வயதாலும் வற்ற வற்ற, தாங்கும் ஆற்றலும் வற்றிவிடும். பதினான்கு ஆண்டுகள் உழைத்த மூன்று சிறு உருளைகள்! அவற்றின்மேலும் கோபிக்க முடியவில்லை.

புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டியாயிற்று. ஆனால் பழுது முழுவதும் நீங்கிவிட்டதா? திண்ணையில், இரண்டு மாணவர் காதுபடச் சொன்ன சொல் அங்கேயே கிடந்தது. அதற்கு மாற்றும் அவர்கள் காதுபடவே வரவேண்டும் என்று தோன்றிற்று. எனினும் முன்னறிவிப்பின்றி அவரைச் சபையில் நிறுத்துவது இன்னொரு தவறாகிவிடும். ஆகவே அன்று அஸருக்குப் பின் அவருடைய வீட்டுக்கு நாமே நடந்தோம். ஆசிரியர் வாசலில் நிற்பதைக் கண்ட அவருடைய தாயார் பதறிப்போனார்கள். தேநீர் வந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னோம்.

"தம்பி, அன்று நாம் சொன்னது தவறு. காரணம் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. ஆராயாமல் உங்களைச் சொல்லிவிட்டோம். மன்னிக்க வேண்டும். நாளை அந்த இரண்டு பேர் முன்னிலையிலும் இதைச் சொல்ல எண்ணியிருக்கிறோம், உங்களுக்குச் சம்மதமானால்."

அவர் நெடுநேரம் தேநீர்க் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வைரஸ் என்னால் வந்ததுதான், ஹஸ்ரத்" என்றார். "பிறகு என் பென் டிரைவைச் சோதித்துப் பார்த்தேன், இருந்தது."

"அதற்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பில்லை. ஆமாம், அந்தப் பென் டிரைவில் என்னதான் கொண்டுவந்தீர்கள்?"

"கொண்டுவரவில்லை, ஹஸ்ரத். கொண்டுபோனேன்."

எழுந்துபோய் அதை எடுத்து வந்தார். பழைய பொறியாயிற்றே, என்றாவது நின்றுவிட்டால் உஸ்தாத் அவர்களின் ஏடுகள் போய்விடுமே என்று, வாரத்துக்கொரு முறை எல்லாக் கோப்புகளையும் படி எடுத்து வைத்திருக்கிறார். நாம் தட்டச்சுச் செய்தவையும் அதில் இருந்தன. கடைசிப் படி, கோப்பு சிதைந்த நாளுக்கு ஆறு நாள் முந்தியது. போனது என்று நாம் துக்கித்த முப்பத்தாறு பக்கங்களுள் இருபத்தொன்பது அதனுள் பத்திரமாக இருந்தன.

"இதை அன்றே சொல்லியிருக்கலாமே, தம்பி?"

"முதல் நாள் செருகியபோதே சொல்ல வந்தேன், ஹஸ்ரத்; நீங்கள் வேலையாக இருந்தீர்கள். பிறகு... இதை எடுத்து நீட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பயந்துவிட்டேன்."

இந்த விடைதான் இன்றளவும் நம்மை விட்டு அகலவில்லை. ஆராயுமுன் சொல்லும் தீர்ப்பு ஒரு நிரபராதியைப் புண்படுத்துகிறது என்பது நாம் அறிந்ததே. அது உண்மை அறிந்தவரின் வாயையும் அடைத்துவிடுகிறது என்பதை அன்று அறிந்தோம். நமக்கு வேண்டியிருந்த மருந்து பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளையின் பெட்டியில் இருந்தது. அதை அவர் எடுத்து நீட்ட முடியாதபடி செய்தது நமது நாவு.

மறுநாள் வகுப்பில் அவருடைய சம்மதத்தோடு நடந்ததைச் சொன்னோம். அன்றைய பாடம் 'அஸ்ஸப்ரு வத்தக்ஸீம்' அன்று. அது வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆயினும் அந்த ஆண்டு அப்பாடத்துக்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இப்போது பணி பதினேழாம் குறிப்பேட்டில் நிற்கிறது. பொறி அணைவதில்லை. மாதத்துக்கொரு முறை பக்கத் தகட்டைக் கழற்றிப் புழுதி துடைக்கிறோம். படிகள் மூன்று இடங்களில் உள்ளன: ஒன்று நம்மிடம், ஒன்று உஸ்தாத் அவர்களின் மக்களிடம், ஒன்று அந்த மாணவரின் பென் டிரைவில். அதைச் செருகுமுன் வைரஸ் சோதனை செய்துகொள்வது அவர் தாமே வகுத்துக்கொண்ட விதி. செருகும்போது அவர் ஏதேனும் சொல்ல வாயெடுத்தால், கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பது நாம் வகுத்துக்கொண்ட விதி.